கப்பல் கைமாறிய பின்னர்

கல்முனைக் கரையோரத்துக் கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே பண்டித வகுப்பு மாணவர்க்குத் தொல்காப்பியம் கற்பித்து வருபவன் நான். சில மாதங்களுக்கு முன்னர் எழுத்ததிகாரத்துக்கு இளம்பூரணர் உரையைப் பாடஞ்சொல்லத் தொடங்கிய நாளில், அவ்வுரையை 1928ஆம் ஆண்டிலே பதிப்பித்தவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை என்று வழக்கம்போலச் சொன்னேன். கப்பலோட்டியவரா சேர் இந்நூலையும் பதிப்பித்தார் என்று முன்வரிசையில் இருந்த ஒருவன் வியந்தான். ஆண்டுதோறும் யாரேனும் ஒருவன் அவ்வாறு வியப்பது உண்டு. அதற்குரிய விடையும் என்னிடம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். ஆனால் அன்று பின்வரிசையிலிருந்து வேறொரு கேள்வி எழுந்தது. கம்பனி முறிந்துபோன பின் அதில் வேலை செய்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு மாணவன் கேட்டான்.

கேட்டவனுடைய வீட்டு நிலையை நான் அறிவேன். அவனுடைய வாப்பா பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தனியார் நிறுவனமொன்று கடனில் மூழ்கிக் கதவடைத்து விட்டது. கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. காக்கா வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார். இவனும் படிப்பை விட்டுவிடலாமா என்று எண்ணிக் கொண்டிருந்தான். ஆதலின் அவன் கேட்டது சரித்திரக் கேள்வியன்று.

கால் நூற்றாண்டாக நான் சிதம்பரம்பிள்ளையின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கின்றேன். கம்பனி நிறுவியது, கப்பல் வாங்கியது, சிறை சென்றது, செக்கிழுத்தது என்று சொல்லி, அவ்விடத்தோடு நிறுத்திவிடுவேன். 1961இல் வெளிவந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களின் நெஞ்சிலும் கப்பலும் செக்குமே நிற்கின்றன. அதன் பின்னர் அவர் உயிரோடிருந்த இருபத்துநான்கு ஆண்டுகளை நாம் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றோம். அம்மாணவனுக்கு விடை சொல்லும்பொருட்டு நான் அவ்வாண்டுகளுக்குள்ளே புக நேர்ந்தது.

சிதம்பரம்பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்திலே பிறந்தவர். தந்தையார் உலகநாதபிள்ளையும் வக்கீலே. மைந்தரும் சட்டம் பயின்று வக்கீலாகி, பின்னர்த் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழை எளியவர்க்காக வழக்காடி அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டவர் என்பதற்கு மேல் அவர் இளமையைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல்வழி அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனியின் கையில் இருந்தது. எம் நாட்டிற்கு வந்த அரிசியும் துணியும் கருவாடும், தோட்டங்களுக்கு வந்த கூலியாட்களும், தென்பாண்டி நாட்டு வணிகரும் அவ்வழியே போந்தனர். அந்த வழியிலே சுதேசியர் கப்பல் ஓடவேண்டும் என்பது சிதம்பரம்பிள்ளையின் துணிவு. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சுதேசி நாவிகச் சங்கம் என்னும் கம்பனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் 8,000 பங்குகளை ஒருவராகவே எடுத்து இரண்டு இலட்சம் ரூபாவை வழங்கினார். அக்கம்பனியின் முதுகெலும்பு அந்த இரண்டு இலட்சமே என்பது என் எண்ணம். பக்கீர் சேட்டின் பெயரை எம் பக்கத்துப் பிள்ளைகள் கூட அறியாதிருப்பது எனக்கு வருத்தம் தருவது.

பாண்டித்துரைத் தேவரின் பெயரைப் பண்டிதர்கள் வேறொரு வகையில் அறிவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவரே. கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிலே பிறந்து பின்னாளில் விபுலானந்த அடிகளானவர் 1916இல் பண்டிதத் தேர்வில் தேறியதும் அச்சங்கத்திலேதான். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்த அதே கை கப்பற் கம்பனியின் தலைமையையும் ஏற்றது. தமிழ் வளர்ப்பது வேறு, வயிற்றுக்கு வழி தேடுவது வேறு என்று அக்காலத்துப் பெரியோர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலிலே கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினர். வாடகைக்குக் கொடுத்தவர்களை எதிர்க் கம்பனியார் நெருக்கவே அவர்கள் பின்வாங்கினர். சிதம்பரம்பிள்ளை கொழும்புக்கு வந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துப் போக்குவரவு நின்றுவிடாமல் காத்தார். பின்னர்ச் சொந்தக் கப்பல் தேடி வடக்கே பம்பாய்க்குச் சென்றார். 1907இலே காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் கம்பனிக்கு உரியனவாயின. காலியாவிலே மேல்வகுப்பினரை விட்டுப் பொதுப் பயணிகள் மாத்திரம் 1,300 பேர் ஏறலாம் என்று எழுதியுள்ளனர்.

கப்பல் என்றதும் நமக்குக் கொடியும் பாய்ச்சலுமே தோன்றுகின்றன. அதனைச் சூழ்ந்து உண்ட வாய்கள் தோன்றுவதில்லை. அக்காலத் தூத்துக்குடித் துறையிலே கப்பல் கரையை அணுக இயலாது, கடல் ஆழமற்றது. பெருங்கப்பல் சில மைல்களுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் பொதிகளையும் தோணிகளும் சிறு நீராவிப் படகுகளும் ஏற்றியிறக்க வேண்டும். ஆகவே ஒரு கப்பல் வந்தால் மாலுமிகளுக்கு மட்டுமன்றித் தோணிக்காரர்க்கும், மூட்டை சுமப்பவர்க்கும், கரி ஏற்றுபவர்க்கும், பயணச்சீட்டு விற்கும் முகவர்க்கும், கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் பிழைப்பு உண்டு. ஒரு கப்பல் நின்றால் இத்தனை பேரின் அடுப்பும் அணையும். கடலோரத்தில் வாழும் எமக்கு இதனை விளக்கவே வேண்டாம். கரைவலை இழுக்கப் போகாத நாளிலே எங்கள் சந்தை எப்படி இருக்கும் என்பதை எண்ணிக்கொண்டால் போதும்.

போட்டி மூண்டது. எதிர்க் கம்பனி கொழும்புக்குரிய கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவாக்கியது. அதன்பின் எதிர்த்தரப்பார் கட்டணமே இன்றி ஏற்றிச் சென்று குடையொன்றும் இனாமாகக் கொடுக்க முன்வந்தனர் என்பர். இனாமாகக் குடை கொடுப்பவன் எதைத் திரும்ப எடுப்பான் என்று சிந்திக்கும் ஓய்வு ஏழைப் பயணிக்கு இல்லை. பெருமுதல் உடையவன் ஓராண்டு நட்டத்தைத் தாங்குவான்; 25 ரூபாப் பங்குகளைச் சேர்த்துக் கட்டிய கம்பனி எத்தனை மாதம் தாங்கும்? கப்பல் ஓடினும் ஓடாவிடினும் மாலுமிக்குச் சம்பளம் உண்டு. துறைக் கட்டணம் உண்டு. பழுது பார்க்கும் செலவு உண்டு. அரைக் கப்பல் ஆட்களோடு போனாலும் கரி முழுதாகவே எரியும். இவற்றோடு அதிகாரிகளின் இடையூறுகளும் சேர்ந்தன.

இந்நிலையிலும் சிதம்பரம்பிள்ளை தம் கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்குள் ஒடுங்கியிருக்கவில்லை. 1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர் முன்னின்று அவர்களை நடத்தினார். வேலையின்றி இருந்த நாட்களில் அவர்கள் உண்ணப் பொருள் திரட்டினார். சில நாட்களில் ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. வேலைநிறுத்தத்தின் வெற்றியை எல்லாரும் பாடுவர். கூலி இல்லாத நாளிலே தொழிலாளி வீட்டில் அரிசி இராது என்று முதலிலேயே எண்ணி அதற்கு வழி செய்தாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. கம்பனிக்குத் துணைச் செயலாளராயிருந்த ஒருவர் கூலிக்காரர் பக்கம் நிற்பது பங்காளர் அனைவருக்கும் உவப்பாயிருந்திராது.

மார்ச் 12இல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன, நால்வர் இறந்தனர். ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். ஜூலை மாதத்திலே பின்ஹே என்னும் நீதிபதி அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது.

ஈண்டு ஓர் ஒப்புமையைச் சொல்லாமல் கடக்க மனம் இடந்தரவில்லை. சுதேசிக் கம்பனி பதிவான அதே 1906 ஒக்டோபரிலே சென்னையில் அர்பத்நாட் கம்பனி என்னும் பெரிய வங்கி வங்குரோத்து அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் சேமித்த பணம் போயிற்று. ஓய்வூதியக்காரரும் கைம்பெண்களும் கோயில்களும் அதிலே பணம் வைத்திருந்தனர். அவ்விடிபாட்டிலிருந்து படிப்பினை பெற்றவர்களே 1907இல் இந்தியன் வங்கியை நிறுவினர். நம் நாடும் அத்தகைய முறிவை அறியாததன்று. கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின் 1884இலே ஓரியண்டல் வங்கி விழுந்தபோது இலங்கை முழுவதும் கலங்கிற்று. அர்பத்நாட் வங்கியின் தலைவருக்குக் கிடைத்த தண்டனை பதினெட்டு மாதச் சிறை. பிறர் பணத்தை அழித்தவருக்குப் பதினெட்டு மாதம். பிறர்க்குப் பிழைப்பு உண்டாக்கக் கப்பல் விட்டவருக்கு இரட்டை ஆயுள். இரண்டும் ஒரே மாகாணத்து நீதிமன்றங்களிலே ஈராண்டு இடைவெளிக்குள் நிகழ்ந்தவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியபோது வகுப்பிலே பேச்சில்லை.

நிற்க. தலைவர் சிறையிலே செக்கிழுத்துக்கொண்டிருக்க, வெளியே கம்பனி தேய்ந்தது. பங்காளர் அஞ்சினர். 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் போட்டிக் கம்பனிக்கே விற்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே பாண்டித்துரைத் தேவரும் காலமானார்.

பகைவனுக்கு விற்பதிலும் அக்கப்பலைச் சுக்குநூறாக்கி வங்கக் கடலில் எறிந்திருக்கலாம் என்று பாரதியார் கொதித்ததாகச் சொல்வர். இளமையில் இதனைப் படித்தபோது என் மயிர் சிலிர்த்தது. வகுப்புகளிலும் குரலை உயர்த்திச் சொல்லியிருக்கின்றேன். இப்பொழுது, பின்வரிசை மாணவனின் முகத்தைப் பார்த்தபின், அதனை முன்போலச் சொல்ல முடியவில்லை. கம்பனி கலையும்போது நிகழ்வது இது: இருக்கும் சொத்தை விற்பர், ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர் முதலில் எடுப்பர், எஞ்சியது மற்றக் கடன்காரர்க்கு, அதற்கும் மேல் ஏதேனும் இருந்தால் பங்காளருக்கு. நிலுவைக் கூலியுள்ள மாலுமியும் தோணிக்காரனும் கடன்காரர் வரிசையிலே நிற்பவரே. கப்பல் விலைப்பட்டால் அவர்களுக்கு ஏதோ ஒரு பங்கு கிடைக்கக் கூடும். கடலில் எறிந்த கப்பலிலிருந்து எவனுக்குக் கூலி கிடைக்கும்? புலவனின் கோபம் நேரியதே. ஆயினும் மானம் போயிற்றே என்று அழுதவர்களின் குரல் நம் காதில் விழுந்த அளவுக்குச் சம்பளம் போயிற்றே என்று அழுதவர்களின் குரல் விழவில்லை. கப்பல் யாருக்கு விற்கப்பட்டது என்பது தலைவரின் துயரம். நாளைக்கு எந்தத் தோணியில் வேலை என்பது தொழிலாளியின் துயரம். இரண்டாவதையும் துயரமென்று எண்ண எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

இன்று எம் நாட்டிலே 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1983ஆம் ஆண்டின் சட்டத்தால் பணிக்கொடை உண்டு. 1911இன் தூத்துக்குடித் தொழிலாளிக்கு இவை கனவிலும் இல்லை. எனினும் சட்டத்தில் இருப்பது வேறு, கையில் வருவது வேறு என்பதை அம்மாணவனின் வாப்பா நன்கறிவார்; உறையிலே கடிதங்களை அடுக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறுவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். வங்குரோத்து எழுதாமலே போகும் வேலைகளும் உண்டு. 1977இற்குப் பின் இறக்குமதித் துணி பெருகியபோது மருதமுனையிலே எத்தனையோ கைத்தறிகள் ஓய்ந்தன; அங்கே எந்தக் கதவிலும் எவரும் அறிவித்தல் ஒட்டவில்லை.

சிதம்பரம்பிள்ளை 1912ஆம் ஆண்டு டிசம்பர் 24இல் விடுதலையானார். சிறைக்குப் போகுமுன் ஊர்வலங்களில் வந்த பெருங்கூட்டம் சிறைவாயிலில் இல்லை. கம்பனி இல்லை. தண்டனை பெற்றவராதலின் வக்கீல் தொழில் நடத்தும் உரிமையும் பறிபோயிற்று. தம்பி மீனாட்சிசுந்தரம் தமையனார் சிறைப்பட்ட அதிர்ச்சியிலே சித்தம் கலங்கியவராயிருந்தார். மனைவியையும் மக்களையும் கொண்டு அவர் சென்னைக்குச் சென்றார். முறிந்த கம்பனியால் வேலையிழந்தோர் பட்டியல் ஒன்று எழுதினால் அதன் தலையில் எழுதவேண்டிய பெயர் அவருடையதே. அம்மாணவனுக்கு நான் சொன்ன முதல் விடை இதுவாகும்.

சென்னையில் அவர் சிறு வணிகம் செய்தார், அதிலே நிலைக்கவில்லை. பத்து இலட்சம் மூலதனத்துக்குக் கணக்குப் பார்த்தவர் வீட்டு வாடகைக்குக் கணக்குப் பார்த்தார். தென்னாபிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டிய உதவிப் பணம் காந்தியடிகளிடம் இருந்தது. 1915இல் அது பற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரவு தொடங்கிற்று. அன்போடு தரும் பணத்தை வேண்டாமென்று மறுக்கும் நிலையில் தம் குடும்பம் இல்லை என்பதைச் சிதம்பரம்பிள்ளை மறைக்காமல் எழுதினார். தொகையும் கணக்கும் தேடப்பட்டன, கடிதங்கள் போயின, வந்தன, மாதங்கள் கழிந்தன. 1916இன் தொடக்கத்திலே பணம் கைக்கு வந்தது. தொகை 347 ரூபா 12 அணா. வருமோ வராதோ என்று தபாற்காரனை எதிர்பார்த்திருக்கும் வீட்டை அறிந்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு அணாவின் அருமை விளங்கும். இதனைச் சொன்னபோது அம்மாணவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். தன் வாப்பாவைப் போலவே அத்துணைப் பெரிய மனிதரும் வரவேண்டிய பணத்துக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தார் என்பது அவனுக்குப் புதிது.

வியப்பு என்னவெனில், எம் போன்றோர் இன்று கையில் எடுத்துப் பாடஞ்சொல்லும் அவருடைய தமிழ்ப்பணியில் பெரும்பகுதி இவ்வறுமைக் காலத்தது. 1914இல் மெய்யறம், 1915இல் மெய்யறிவு, 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரைப் பதிப்பு. ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களை மொழிபெயர்த்ததும் சிறையிலும் அதன் பின்னருமே. ஏடு பார்த்துப் பாடம் ஒப்பிட்டு உரைப் பதிப்புச் செய்வது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அன்னார் மணக்குடவரைப் பதிப்பித்த நாட்களில் வீட்டிலே என்ன சமைத்தார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சென்னையிலே தொழிற்சங்க முயற்சிகள் முளைத்த அக்காலத்தில் அவற்றோடும் அவர் சேர்ந்து நின்றார். தூத்துக்குடி ஆலை வாயிலில் நின்ற மனிதர் மாறவில்லை.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி உதவியதால் வக்கீல் உரிமை மீண்டும் கிடைத்தது. நன்றி மறவாதவராய்த் தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுந்தவர் ஆங்கிலேயரொருவரின் பெயரைத் தம் வீட்டுத் தொட்டிலிலே வழங்கச் செய்தார். போன தொழிலைத் திரும்பத் தந்தவனின் பெயர் அது. வேலையிழந்து மீண்டும் வேலை பெற்றவர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். அரசியல் மட்டும் பார்ப்பவர்களுக்குச் சிறிது நேரம் பிடிக்கும். கோவில்பட்டியிலும் இறுதியிலே தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். வருவாய் ஒருபோதும் பழைய நிலைக்கு வரவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இலே வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கம்பனி கலைந்து சரியாக நூறாண்டு. அதே ஆண்டு ஜூன் மாதத்திலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பலொன்று மீண்டும் ஓடத் தொடங்கி, நட்டத்தினாலே நவம்பர் மாதத்தில் நின்றுபோயிற்று. அக்கப்பலிலும் சமைத்தவர், துடைத்தவர், சீட்டு விற்றவர் இருந்திருப்பர்.

அம்மாணவன் இப்பொழுதும் வகுப்புக்கு வருகின்றான். கிழமையில் மூன்று நாட்கள் மட்டும். ஏனைய நாட்களில் புடைவைக் கடையொன்றில் நிற்கின்றான். வராத நாட்களின் பாடத்தை அவன் தோழரின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொள்கின்றான். காக்கா கட்டாருக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் எழுத்ததிகாரப் பாடம் முடிந்தது. முடிந்த அன்று பதிப்பாசிரியரின் இறுதி நாட்களைச் சொன்னேன். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு அவர் அங்கே உயிர் நீத்தார். அதற்கு முன் உயில் எழுதியிருந்தார். அவ்வுயிலிலே தாம் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்களையும் குறித்திருந்தார். துணிக்கடையில் நின்ற பாக்கி, எண்ணெய்க் கடையில் நின்ற பாக்கி என்று. இன்ன கடைக்கு இவ்வளவு என்றே எழுதியிருந்தாரா சேர் என்று பின்வரிசையிலிருந்து அவன் கேட்டான். அப்படியே எழுதியிருந்தார் என்றேன்.